மறைந்துகிடக்கும் கராஜ், சைக்கடெலிக் ஆல்பங்களைத் தேடிப் பிடிப்பது எப்படி?

1960களின் கராஜ் ராக், சைக்கடெலிக் ராக் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் மூன்று தவறான எண்ணங்கள் தலைகாட்டுகின்றன. யாரும் கேட்டிராத ஆல்பம் என்றால் அது புதையலாகத்தான் இருக்கும் என்பது ஒன்று. ஸ்ட்ரீமிங் செயலியில் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தால் அதுவே நம்மை அங்கே கொண்டு சேர்த்துவிடும் என்பது இன்னொன்று. பழைய இசைத்தட்டுகளை வாங்கிக் குவிக்கும் வசதி உள்ளவர்களுக்கே இது கைகூடும் என்பது மூன்றாவது. மூன்றுமே சரியல்ல. ஓர் ஆல்பம் எதனால் மறைந்தது என்று தெரிந்துகொண்டால், அதை எந்தப் பக்கம் போய்த் தேட வேண்டும் என்பதும் புரிந்துவிடும். எனவே முதலில் மறைந்த கதை, பிறகு தேடும் முறை.

எது கராஜ், எது சைக்கடெலிக்

1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் வாசித்ததைச் சுமார் 7 கோடியே 30 லட்சம் அமெரிக்கர்கள் பார்த்தார்கள். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அமெரிக்காவின் சின்னச் சின்ன ஊர்களில்கூடப் பள்ளி மாணவர்கள் கிட்டாரும் டிரம்ஸும் வாங்கிக் குழு அமைத்தார்கள். வீட்டின் கார் கொட்டகையில் ஒத்திகை பார்த்த பிள்ளைகள் என்ற பொருளில் 'கராஜ்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயர் பரவியது அந்தக் காலம் முடிந்த பிறகுதான். பதிவு கொட்டகையில் நடந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பெரும்பாலானவை உள்ளூர் ஸ்டுடியோக்களில், குறைந்த நேரத்தில் பதிவானவை.

இந்த இசையின் அடையாளங்கள் எளியவை: மூன்று நான்கு கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்), கத்தலை ஒட்டிய குரல், ஃபார்ஃபிசா அல்லது வாக்ஸ் நிறுவனத்தின் மெல்லிய ஒலியுள்ள சிறு ஆர்கன், கரகரக்கும் கிட்டார். வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரைச் சேர்ந்த தி சோனிக்ஸ் 1965இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தைக் கேட்டால் இவை அத்தனையும் ஒரே இடத்தில் கிடைக்கும். இரண்டே டிராக் கொண்ட டேப் கருவியில், டிரம்ஸ் முழுவதற்கும் ஒற்றை மைக் வைத்துப் பதிவு செய்தார்கள். அதில் கேட்கும் முரட்டுத்தனத்துக்கு அந்தப் பற்றாக்குறையும் ஒரு காரணம்.

கிட்டாரின் கரகரப்புக்கு 'ஃபஸ்' என்று பெயர். ஒலி அலையை ஒரு மின்சுற்று தன் தாங்கும் அளவைத் தாண்டிப் பெருக்கும்போது அலையின் உச்சியும் அடியும் வெட்டுப்பட்டுத் தட்டையாகின்றன. அப்படி வெட்டுப்பட்ட அலையில், வாசித்த சுரத்தோடு அதன் மேல் சுரங்களும் பலமாகச் சேர்ந்து ஒலிக்கும். காது அதைக் கரகரப்பாக உணர்கிறது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஒரு பதிவின்போது மிக்ஸிங் கருவியின் பழுதான பகுதி வழியாகப் போன பாஸ் கிட்டார் இப்படி ஒலித்தது. பொறியாளர் க்ளென் ஸ்னாடி அதைத் தூக்கி எறியவில்லை. அதே விளைவைத் தரும் டிரான்சிஸ்டர் மின்சுற்று ஒன்றை உருவாக்கினார். 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் அது காலால் மிதிக்கும் பெட்டியாக விற்பனைக்கு வந்தது. கராஜ் இசையின் பாதி முகம் அந்தப் பெட்டிதான்.

சைக்கடெலிக் ராக்கை வெறும் போதைப்பொருள் இசை என்று ஒதுக்குவது சோம்பேறித்தனம். எல்எஸ்டி என்ற போதைப்பொருள் அந்தக் காலச் சூழலில் இருந்தது உண்மை. ஆனால் காதுக்குக் கேட்கிற வேறுபாடு ஸ்டுடியோவில் இருக்கிறது. குழு எப்படி வாசித்ததோ அப்படியே பிடித்து வைப்பது என்ற நிலை மாறி, டேப்பே ஒரு வாத்தியமாகிறது. டேப்பைத் தலைகீழாக ஓட்டுவது, எதிரொலியைக் குரலைவிடப் பெரிதாக்குவது, ஒரே பதிவை இரண்டு டேப் கருவிகளில் மிகச் சிறு கால வித்தியாசத்தில் ஓட்டி ஒலி சுழல்வதுபோலச் செய்வது என்று அந்த வித்தைகள் நீளும். கடைசியாகச் சொன்னதற்கு 'ஃபேஸிங்' என்று பெயர். 1965இல் கராஜ் வாசித்த அதே குழு 1967இல் சைக்கடெலிக் ஆல்பம் போட்டது மிகச் சாதாரணம். ஆகவே இரண்டையும் சேர்த்தே தேட வேண்டும்.

இதுவரை சொன்னதன் சாரம்: கராஜ் என்பது இளைஞர்கள் குறைந்த வசதியில் முழு வேகத்தில் வாசித்தது. சைக்கடெலிக் என்பது அதே தலைமுறை ஸ்டுடியோவை வாத்தியமாக்கிக்கொண்டது.

ஆல்பம் எப்படி மறைகிறது

ஒரு பள்ளியின் ஆண்டு மலரை எடுத்துக்கொள்ளுங்கள். சில நூறு படிகள் அச்சாகும். மாணவர்கள், பெற்றோர், ஆசிரியர்கள் கையில் போய்ச் சேரும். புத்தகக் கடைக்கு அது போவதே இல்லை. அதில் ஓர் அருமையான கதை இருந்தாலும் ஊருக்கு வெளியே யாருக்கும் தெரியாது. கதை மோசம் என்பதால் அப்படி ஆகவில்லை. அது வெளியே போகும் பாதை ஒன்று இல்லாததால் அப்படி ஆயிற்று. மறைந்த ஆல்பங்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான்.

தட்டு அச்சடிக்கும் ஆலைகள் பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமல்ல, பணம் கட்டும் யாருக்கும் சில நூறு தட்டுகள் அடித்துத் தந்தன. இப்படி இசைக்குழுவோ அதன் நண்பரோ சொந்தச் செலவில் அச்சடித்துக்கொள்வதைப் 'பிரைவேட் பிரஸ்' என்பார்கள். வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் நகரில் இருந்த ஜஸ்டிஸ் ரெக்கார்ட்ஸ் 1960களின் நடுவில் பள்ளி, கல்லூரிக் குழுக்களுக்கு இந்த முறையில் ஆல்பங்கள் பதிவு செய்து கொடுத்தது. குழுவினர் அவற்றைத் தங்கள் நடன நிகழ்ச்சிகளில் விற்றார்கள். பிரிட்டனில் இன்னொரு விசித்திரம் உண்டு. 99 படிகளுக்கு மேல் அச்சடித்தால் கொள்முதல் வரி கட்ட வேண்டியிருந்தது. அதைத் தவிர்க்கவே பல குழுக்கள் 99உடன் நிறுத்திக்கொண்டன. இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் பேசும் '99 காப்பி ஆல்பங்கள்' அந்த வரி விதியின் குழந்தைகள். அவற்றின் இசை மட்டத்துக்கும் அந்த எண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

தொடக்கத்தில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று இங்கே உண்டு. கராஜ் இசையின் உயிர் ஆல்பத்தில் இல்லை, சிங்கிளில் இருக்கிறது. 'சிங்கிள்' அல்லது '45' என்பது நிமிடத்துக்கு 45 முறை சுற்றும் ஏழு அங்குலத் தட்டு, பக்கத்துக்கு ஒரு பாட்டு. 'எல்பி' எனப்படும் பன்னிரண்டு அங்குல ஆல்பம் செலவு மிக்கது. உள்ளூர் வானொலியில் ஒரு 45 நன்றாக ஓடினால் மட்டுமே எல்பி போடும் வாய்ப்பு வரும். அப்போதும் அவசரமாகப் பக்கங்களை நிரப்ப மற்றவர்களின் பிரபல பாட்டுகளை வாசித்துத் தள்ளுவார்கள். ஆகவே 1964 முதல் 1966 வரையிலான காலத்துக்குச் சிங்கிள்களையும் அவற்றின் தொகுப்புகளையும் கேளுங்கள். 1967க்குப் பிறகு ஆல்பங்களைத் தேடுங்கள். இந்த ஒரு மாற்றமே வீண் அலைச்சலைப் பாதியாகக் குறைக்கும்.

வியட்நாம் போருக்கான கட்டாய ராணுவச் சேவை, கல்லூரிப் படிப்பு, வேலை என்று இந்தக் குழுக்கள் கலைந்த காரணங்கள் பல. வேறு நாடுகளில் காரணம் இன்னும் கனமானது. கம்போடியாவில் 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் செழித்த ராக் இசை, 1975இல் கெமர் ரூஜ் என்ற தீவிரக் கம்யூனிஸ்ட் இயக்கம் ஆட்சியைப் பிடித்ததும் அறுந்துபோனது. சின் சிசமுத், ரோஸ் செரே சொதியா உட்படப் பல பாடகர்கள் அந்த ஆட்சிக் காலத்தில் உயிரிழந்தார்கள். மூலப் பதிவுகளில் பெரும்பகுதி அழிந்தது. அந்த இசை நமக்கு எஞ்சியிருப்பது தனி மனிதர்கள் காப்பாற்றிய தட்டுகளாலும் கேசட்டுகளாலும்தான்.

சுருக்கமாக, ஆல்பம் மறைவதற்குக் காரணம் படிகளின் எண்ணிக்கை, விநியோகம், காலச் சூழல். 'அரிது' என்பது தட்டைப் பற்றிய தகவல். பாட்டு எப்படி என்பதை அது சொல்லாது.

செயலி ஏன் உதவுவதில்லை

ஸ்ட்ரீமிங் செயலியின் பரிந்துரை, பெரும்பாலும் 'இதைக் கேட்டவர்கள் வேறு எதைக் கேட்டார்கள்' என்ற கணக்கில் இயங்குகிறது. ஆயிரக்கணக்கானோர் கேட்ட பாட்டுகளுக்கு இடையே அந்தக் கணக்கு நன்றாக வேலை செய்யும். இருபது பேர் கேட்ட ஆல்பத்துக்குக் கணக்குப் போடத் தரவே இல்லை. அதனால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே முப்பது நாற்பது பெயர்களில் வந்து நிற்பீர்கள். அது செயலியின் கோளாறு அல்ல. அதன் அமைப்பே அப்படி.

இன்னொரு சிக்கல், ஒரே பெயருள்ள குழுக்கள். கலைடோஸ்கோப் என்ற பெயரில் 1960களின் இறுதியில் அமெரிக்காவில் ஒன்று, இங்கிலாந்தில் ஒன்று, மெக்சிகோவில் வெளியான ஆல்பம் கொண்ட ஒன்று என மூன்று குழுக்கள் இருந்தன. செயலியின் கலைஞர் பக்கத்தில் இப்படிப்பட்ட பெயர்கள் கலந்துவிடுவது உண்டு. பெயரோடு நாடும் ஆண்டும் சேர்த்துக் குறித்துக்கொள்ளாவிட்டால் தவறான தடத்தில் வெகுதூரம் போய்விடுவீர்கள்.

வாசல்: தொகுப்பு ஆல்பங்கள்

சரியான வாசல் தொகுப்பு ஆல்பங்கள். 1972இல் எலெக்ட்ரா நிறுவனத்துக்காக லென்னி கே தொகுத்த 'நக்கெட்ஸ்' 27 பாட்டுகள் கொண்ட இரட்டை எல்பி. சில ஆண்டுகளுக்குள்ளேயே மறக்கப்படத் தொடங்கியிருந்த சிங்கிள்களை அது ஒன்றாக்கியது. 1998இல் ரைனோ நிறுவனம் அதை நான்கு சிடி கொண்ட பெட்டியாக விரித்தது. 2001இல் வந்த இரண்டாம் பெட்டி, பிரிட்டனையும் பிற நாடுகளையும் எடுத்துக்கொண்டது. இன்னும் ஆழத்துக்குப் போக 1970களின் இறுதியில் கிரெக் ஷா தொடங்கிய 'பெப்பிள்ஸ்' வரிசை இருக்கிறது. மிக முரட்டுத்தனமான கராஜ் வேண்டுமென்றால் கிரிப்ட் ரெக்கார்ட்ஸ் 1983இல் தொடங்கிய 'பேக் ஃப்ரம் தி கிரேவ்' வரிசை. பிரிட்டிஷ் சைக்கடெலிக் சிங்கிள்களுக்கு 1980களின் 'ரபிள்' வரிசை.

தொகுப்பைப் பின்னணியில் ஓடவிட்டால் ஒன்றும் நிற்காது. ஒரே அமர்வில் ஒரு எல்பி அளவுக்கு மேல் கேட்க வேண்டாம். மனதில் தங்கும் ஐந்து பாட்டுகளை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன ஈர்த்தது என்று ஒரு சொல் போதும்: ஆர்கன், ஃபஸ், குரல், எதிரொலி, தாளம். பத்துப் பன்னிரண்டு அமர்வுகளில் உங்கள் ருசி எந்தப் பக்கம் சாய்கிறது என்று அந்தச் சொற்களே காட்டிவிடும். ருசி தெரியாமல் தேடத் தொடங்குபவர்கள் மற்றவர்களின் விலைப் பட்டியலைத் தங்கள் ருசி என்று நம்பிவிடுகிறார்கள்.

தடம் பிடித்தல்

இனி உண்மையான வேலை. பிடித்த பாட்டில் தொடங்கி லேபிள் (தட்டை வெளியிட்ட நிறுவனம்), ஸ்டுடியோ, தயாரிப்பாளர், பாடலாசிரியர் என்று ஒவ்வொரு பெயராகப் பின்தொடர்வது. இதற்கு மிகப் பயன்படும் கருவி டிஸ்காக்ஸ் என்ற தரவுத்தளம். 2000இல் தொடங்கப்பட்டது, பயனர்களே தகவல் சேர்ப்பது, பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. சிங்கிள்களுக்கு 45கேட் என்ற தளமும் கைகொடுக்கும்.

ஒரு தடத்தை முழுதாகப் பார்ப்போம். டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரைச் சேர்ந்த 13த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ் குழுவின் பாட்டு ஒன்று நக்கெட்ஸில் இருக்கிறது. பாட்டுக்குப் பின்னால் புறா குமுறுவதுபோல ஓயாமல் ஒரு ஒலி கேட்கும். டாமி ஹால் என்பவர் மண் ஜாடியின் வாயருகே மைக்கைப் பிடித்துக்கொண்டு குரலால் எழுப்பிய ஒலி அது. அவர்களின் முதல் ஆல்பம் 1966இல் ஹூஸ்டனின் இன்டர்நேஷனல் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற சிறு லேபிளில் வந்தது. டிஸ்காக்ஸில் அந்த லேபிளின் பெயரை அழுத்தி, எல்பிகளை மட்டும் வடிகட்டி, ஆண்டு வரிசையில் அடுக்குங்கள். அந்த லேபிள் வெளியிட்ட எல்பிகள் ஒரு டஜன் அளவுதான், ஆகவே முழுப் பட்டியலும் ஒரே பார்வையில் தெரியும்.

அந்தப் பட்டியலில் தி ரெட் கிரயோலா 1967இல் வெளியிட்ட ஆல்பம் வருகிறது. பாட்டுகளுக்கு இடையே நண்பர் கூட்டம் ஒன்று கையில் கிடைத்ததை எல்லாம் தட்டி எழுப்பும் இரைச்சல் நிறைந்தது. தொடக்கத்திலேயே அதைக் கேட்டால் ஓடிவிடத் தோன்றும், கொஞ்சம் தள்ளி வையுங்கள். அடுத்தது 1968இன் 'பவர் பிளான்ட்', தி கோல்டன் டான் என்ற இன்னோர் ஆஸ்டின் குழு போட்டது. எலிவேட்டர்ஸை விரும்புபவர்கள் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் இதுதான். 1967இலேயே பதிவாகியிருந்தும் லேபிள் அதை நிறுத்திவைத்து, எலிவேட்டர்ஸின் இரண்டாம் ஆல்பத்தை முன்னால் விட்டது. பின்னால் வந்ததால் அது நகல் என்ற பெயரோடு ஓரங்கட்டப்பட்டது. இசை முழுமையாக இருந்தும் வெளியீட்டுத் தேதியால் ஓர் ஆல்பம் எப்படிப் புதைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். பட்டியலில் 1969இன் பபிள் பப்பி குழுவும் இருக்கிறது, அது கொஞ்சம் கனமான கிட்டார் இசை.

அதே பக்கங்களில் பதிவு விவரங்களைப் பாருங்கள். எலிவேட்டர்ஸின் இரண்டாம் ஆல்பமும் ரெட் கிரயோலாவின் முதல் ஆல்பமும் ஹூஸ்டனில் வால்ட் ஆண்ட்ரஸின் ஸ்டுடியோவில் பதிவானவை. ஸ்டுடியோவின் பெயரை அழுத்தினால் இன்னொரு பட்டியல் திறக்கிறது. லேபிள் தடம் வணிக உறவைக் காட்டும், ஸ்டுடியோ தடம் ஒலி உறவைக் காட்டும். இரண்டில் எனக்கு ஸ்டுடியோ தடத்தின் மேல்தான் நம்பிக்கை அதிகம். ஒரே அறை, ஒரே பொறியாளர், ஒரே எதிரொலிக் கருவி என்றால் குழுக்கள் மாறினாலும் ஒலியின் சாயல் மாறுவதில்லை.

தயாரிப்பாளர் தடம் வேறு மாதிரி. லாஸ் ஏஞ்சலீஸின் தி ஸ்டாண்டெல்ஸ், வட கலிஃபோர்னியாவின் சாக்லேட் வாட்ச்பேண்ட் இரண்டும் எட் காப் என்ற தயாரிப்பாளரின் கையில் உருவாயின. இரண்டுமே கேபிட்டல் நிறுவனத்தின் துணை லேபிளான டவரில் வந்தன. ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. வாட்ச்பேண்டின் ஆல்பங்களில் பல பாட்டுகளைக் குழுவே வாசிக்கவில்லை. ஸ்டுடியோ இசைக்கலைஞர்களும் வேறொரு பாடகரும் நிரப்பினார்கள். எலெக்ட்ரிக் புரூன்ஸ் பெயரில் 1968இல் வந்த 'மாஸ் இன் எஃப் மைனர்' ஆல்பத்தை எழுதி வடிவமைத்தவர் டேவிட் ஆக்ஸெல்ராட். அதிலும் வாசித்தவர்களில் பலர் வெளியாட்கள். உறையில் உள்ள பெயரை நம்பித் தேடினால் ஏமாற்றம்தான். விரும்பிய ஒலியை உண்டாக்கியவர் யார் என்று பார்த்துத் தேடினால் தடம் அறாது.

பாடலாசிரியர் பெயரும் பயனுள்ளது. 45இன் நடுத் தாளில் பாட்டுப் பெயருக்குக் கீழே அச்சாகியிருக்கும். இரண்டு குழுப் பெயர்களுக்குக் கீழே அதே இரண்டு பாடலாசிரியர்கள் இருந்தால், குழு பெயரை மாற்றிக்கொண்டதா என்று சந்தேகிக்கலாம். அடிக்கடி அது சரியாகவே இருக்கும்.

எந்தத் தடமும் கிடைக்காதபோது வடிகட்டியைப் பயன்படுத்துங்கள். டிஸ்காக்ஸில் பாணி 'சைக்கடெலிக் ராக்', ஒரு நாடு, ஓர் ஆண்டு என்று மூன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு பதிப்பின் பக்கத்திலும் எத்தனை பேரிடம் அது இருக்கிறது, எத்தனை பேர் வேண்டுகிறார்கள் என்ற இரண்டு எண்கள் இருக்கும். இருப்பவர்களைவிட வேண்டுபவர்கள் பல மடங்கு என்றால், கேட்டவர்கள் சிலரை அது பலமாகத் தாக்கியிருக்கிறது என்று ஊகிக்கலாம். இரண்டும் சிறிய எண்கள் என்றால் ஒன்றும் சொல்ல முடியாது. அங்கேதான் உங்கள் காது வேண்டும்.

ஆக, தடம் பிடிப்பதன் வரிசை இது: பாட்டு, லேபிள், ஸ்டுடியோ, தயாரிப்பாளர், பாடலாசிரியர். கடைசியாக வடிகட்டி.

தட்டையும் உறையையும் படிப்பது

கையில் ஒரு தட்டோ அதன் படமோ கிடைத்தால் வயதை ஓரளவு கணிக்கலாம். கடைசிப் பாட்டின் கோடு முடிந்த பிறகு, நடுத் தாளைச் சுற்றி வழவழப்பான வளையம் ஒன்று இருக்கும். அதற்கு 'டெட் வாக்ஸ்' என்று பெயர். அதில் கீறப்பட்ட அல்லது குத்தப்பட்ட எண்ணும் எழுத்தும் 'மேட்ரிக்ஸ் எண்'. எந்த அச்சிலிருந்து தட்டு வார்க்கப்பட்டது என்பதை அது சொல்லும்.

சிறு முக்கோணத்தை அடுத்து ஓர் எண் இருந்தால் லாஸ் ஏஞ்சலீஸின் மோனார்க் ஆலை என்று பொருள். எண் ஏற ஏறக் காலமும் ஏறும் என்பதால் தெரிந்த தட்டுகளோடு ஒப்பிட்டு மாதம் வரை நெருங்க முடியும். ஆர்சிஏ நிறுவனம் வெளியாருக்கு அச்சடித்த தட்டுகளில் மேட்ரிக்ஸ் எண்ணின் முதல் எழுத்தே ஆண்டு: எஸ் என்றால் 1965, டி என்றால் 1966, யு என்றால் 1967, இடையில் வி எழுத்தை விட்டுவிட்டு டபிள்யூ என்றால் 1968. உறையில் ஒரு விவரமும் இல்லாத பிரைவேட் பிரஸ் தட்டுக்கு இந்த ஓர் எழுத்துதான் பிறப்புச் சான்றிதழ்.

உறையில் பார்க்க வேண்டியவை குறைவு. முகவரியில் ஐந்து இலக்க ஜிப் எண் இருந்தால் 1963க்கு முந்தையதாக இருக்க முடியாது. பார்கோடு இருந்தால் 1960களின் மூல அச்சு இல்லை. 1967இன் அமெரிக்க அச்சு என்று சொல்லப்படும் தட்டில் வட்டத்துக்குள் பி எழுத்து (ஒலிப்பதிவுப் பதிப்புரிமைக் குறி) இருந்தால் அது பிற்காலத்தியது. அந்தக் குறி அமெரிக்காவில் 1972ஐ ஒட்டித்தான் புழக்கத்துக்கு வந்தது. ஐரோப்பியத் தட்டுகளில் முன்பே உண்டு என்பதால் அங்கே இந்தச் சோதனை பலிக்காது.

மறுபதிப்புகளில் எது நல்லது

மூலத் தட்டு வாங்க வேண்டிய அவசியம் கேட்பவருக்கு இல்லை. ஆனால் மறுபதிப்புகள் எல்லாம் ஒரே தரம் அல்ல. உரிமையாளரிடம் அனுமதி பெற்று, மூல டேப்பிலிருந்து செய்தவை முதல் வகை. டேப் தொலைந்துபோனதால், அனுமதி பெற்று, நல்ல தட்டு ஒன்றிலிருந்து கவனமாகப் பிரதி எடுத்தவை இரண்டாம் வகை. கேட்கத் தகுந்தவையே. யாரிடமும் கேட்காமல் தட்டிலிருந்தோ, ஏற்கெனவே வந்த சிடியிலிருந்தோ நகலெடுத்து விற்பவை மூன்றாம் வகை. டிஸ்காக்ஸ் இவற்றை 'அன்அஃபிஷியல்' என்று குறிக்கிறது. அமெரிக்காவில் ஒலிப்பதிவுகளுக்குக் கூட்டரசுப் பதிப்புரிமை 1972 பிப்ரவரி 15 முதல் செய்யப்பட்ட பதிவுகளுக்கே கிடைத்தது. அதற்கு முந்தையவை மாநிலச் சட்டங்களின் கீழ் சிதறிக் கிடந்தன. சட்ட நிலை குழம்பிக் கிடந்தது இந்த நகல் வணிகத்துக்கு வசதியாகப் போயிற்று. வாசித்த மனிதர்களுக்கு அதில் ஒரு காசும் போகவில்லை என்பதை மறக்கக் கூடாது.

அடையாளம் காண்பது கடினமில்லை. பொறுப்பான மறுபதிப்பில் உரிமை யாருடையது, எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று எழுதியிருக்கும். குழு உறுப்பினர்களின் நேர்காணல் சிறு நூலாக உள்ளே இருக்கும். சண்டேஸ்டு, நவ்-அகெய்ன், லைட் இன் தி அட்டிக், ஸ்பெயினின் கெர்சன், லண்டனின் பிக் பீட் ஆகிய பெயர்கள் இந்தத் துறையில் நன்கு அறியப்பட்டவை. ஒரு மறுபதிப்பு பிடித்திருந்தால் அதே லேபிளின் முழுப் பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அங்கே வேறொருவரின் பல ஆண்டுத் தேடல் உங்களுக்காக அடுக்கிவைக்கப்பட்டிருக்கிறது.

ஒலியில் என்ன கெடும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டில் மட்டும் 'ஸ' ஒலிகள் சிதறினால் அது தேய்ந்த தட்டிலிருந்து எடுத்த நகல். தட்டின் உள்வட்டத்தில் அதே கால அளவுக்குக் கோட்டின் நீளம் குறைவு, அலைகள் நெருக்கியடித்து நிற்கும், தேய்மானம் முதலில் அங்கேதான் காட்டும். ஒலி மொத்தமும் கம்பளிக்குள் மூடியதுபோல் இருந்தால், இரைச்சலை நீக்குகிறேன் என்று மேல் சுரங்களையும் சேர்த்து வெட்டியிருக்கிறார்கள். மூன்றாவது, போலி ஸ்டீரியோ. ஒரே ஒலித்தடம் கொண்ட மோனோ பதிவை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் கீழ் சுரங்களும் மறுபக்கம் மேல் சுரங்களுமாக ஒதுக்கி, சிறு தாமதம் சேர்த்து 1960களில் ஸ்டீரியோ என்று விற்றார்கள். டிரம்ஸ் உள்ளீடற்று ஒலித்தால் இதைச் சந்தேகியுங்கள். அதே ஆல்பத்தின் மோனோ பதிப்பைத் தேடுவதுதான் தீர்வு. கராஜ் இசைக்குப் பொதுவாகவே மோனோ நல்லது. அந்தக் குழுக்கள் ஒற்றை ஒலிபெருக்கி கொண்ட கார் வானொலியை மனதில் வைத்தே பதிவு செய்தார்கள்.

ஓர் ஆல்பத்தைச் சோதிப்பது

முழுவதும் கேட்பதற்கு முன் மூன்று பாட்டுகள் போதும்: ஏ பக்கத்தின் முதல் பாட்டு, பி பக்கத்தின் முதல் பாட்டு, பி பக்கத்தின் கடைசிப் பாட்டு. லேபிள் நம்பிய பாட்டு முதலிடத்தில் இருக்கும். குழு தன் விருப்பத்துக்கு நீட்டி வாசித்த பாட்டு பெரும்பாலும் கடைசியில் ஒதுங்கியிருக்கும். சொந்தப் பாட்டுகள் எத்தனை, பிறர் பாட்டுகள் எத்தனை என்றும் பாருங்கள். பாதிக்கு மேல் பிறர் பாட்டுகள் என்றால் அவசரமாக நிரப்பிய ஆல்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். விதிவிலக்கு உண்டு. சோனிக்ஸின் முதல் ஆல்பமே பெரும்பாலும் பிறர் பாட்டுகள்தான், ஆனால் அவர்கள் வாசித்த விதத்தில் மூலம் அடையாளம் தெரியாமல் போகிறது.

விலையை இந்த இடத்தில் முற்றிலும் மறந்துவிடுங்கள். வெறும் நூறு படிகள் மட்டுமே உள்ள சுமாரான ஆல்பம், ஆயிரம் படிகள் உள்ள அற்புதமான ஆல்பத்தைவிடப் பல மடங்கு விலை போகும். ஏலத்தில் போட்டியிடும் இருவருக்கு அது தங்கள் சேகரிப்பில் இல்லாத கடைசித் தட்டு என்பதே போதுமான காரணம்.

அமெரிக்காவுக்கு வெளியே

மிகப் பெரிய கண்டுபிடிப்புகள் இப்போது இங்கேதான் நடக்கின்றன. ஜெர்மனியில் பணிபுரிந்த முன்னாள் அமெரிக்க ராணுவ வீரர்கள் ஐவர் தி மாங்க்ஸ் என்ற பெயரில் 1966இல் பாலிடார் லேபிளில் ஓர் ஆல்பம் போட்டார்கள். பான்ஜோ என்ற நரம்பு வாத்தியத்துக்கு மின்னிணைப்புக் கொடுத்து, மெட்டைக் குறைத்து, தாளத்தை ஓங்கச் செய்தார்கள். அப்போது அது அமெரிக்காவில் வெளியாகவே இல்லை. பெருவின் லிமா நகரில் லாஸ் சைகோஸ் 1965 வாக்கில் ஆறு சிங்கிள்கள் மட்டுமே போட்டுக் கலைந்தது. பிரேசிலின் ஓஸ் முட்டான்டெஸ் 1968இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தின் விசித்திர ஒலிகளுக்குப் பின்னால், உறுப்பினர்களின் அண்ணன் கையால் செய்து கொடுத்த கருவிகள் இருந்தன.

துருக்கியில் தடம் ஒரு போட்டியிலிருந்து தொடங்குகிறது. ஹுரியத் நாளிதழ் 1965 முதல் நடத்திய தங்க மைக்ரோஃபோன் போட்டி, துருக்கிய இசையை மேற்கத்திய வாத்தியங்களில் வாசிக்கச் சொன்னது. அதில் கலந்துகொண்ட குழுக்களின் பெயர்களை வரிசையாகப் பின்தொடர்ந்தால் அனடோலிய ராக் எனப்படும் துருக்கிய ராக்கின் பாதி வரைபடம் கிடைத்துவிடும். ஜாம்பியாவில் விட்ச் குழுவின் 'லேஸி போன்ஸ்', அமனாஸ் குழுவின் 'ஆஃப்ரிக்கா' இரண்டும் 1975இல் வந்தவை. ஃபஸ் கிட்டாரை விரும்புபவர்கள் முதலில் கேட்க வேண்டிய இரண்டு ஆல்பங்கள். இந்தியாவில் ஒரு சிகரெட் பிராண்டின் ஆதரவில் நடந்த சிம்லா பீட் போட்டியின் குழுக்கள் 1970, 1971 என்று இரண்டு தொகுப்பு எல்பிகளில் பதிவாகியுள்ளன.

இந்த நாடுகளில் தேடும்போது பெயரின் எழுத்துக்கூட்டல் பெரிய தடை. துருக்கியப் பெயர்களை அவற்றின் புள்ளி, வால் குறிகளோடும் அவை இல்லாமலும் தேடிப் பாருங்கள். கெமர், ஜப்பானிய, கொரியப் பெயர்களை மூல எழுத்துகளிலேயே நகலெடுத்துத் தேடினால் ஆங்கில எழுத்தில் கிடைக்காத பதிவுகள் வரும். தலைப்புகளையும் சந்தேகத்தோடே அணுகுங்கள். 1996இல் அமெரிக்காவில் வெளியான 'கம்போடியன் ராக்ஸ்' தொகுப்பில் பாடகர் பெயரோ பாட்டுப் பெயரோ ஒன்றுகூட இல்லை. கேட்டவர்கள்தான் பிறகு ஒவ்வொன்றாக அடையாளம் கண்டார்கள். ஆகவே நீங்கள் குறித்து வைக்கும் பட்டியலில் பாட்டு, குழு, நாடு, ஆண்டு, லேபிள் ஆகியவற்றோடு, அந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள். தட்டின் படத்தைப் பார்த்து எழுதியதா, யாரோ பதிவேற்றிய காணொளியின் தலைப்பிலிருந்து எடுத்ததா என்பது அதில் இருக்கட்டும். பின்னால் வேறு பெயர் கண்ணில் பட்டால் எதைத் திருத்துவது என்று அந்தக் கட்டம் சொல்லிவிடும்.